‘உங்கள் கம்யூனிட்டி என்ன?’ – நடந்ததை ஆங்கிலத்தில் சொல்லப் பழகுவோருக்கு

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டின் முகப்புத் திண்ணையில், சனிக்கிழமை மாலைகளில் ஆங்கிலம் பேசப் பழக்குகிறேன். கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் வேலை செய்பவர்கள், கானாடுகாத்தான் பக்கம் விடுதிகளாக மாறிய வீடுகளில் விருந்தினரைக் கவனிப்பவர்கள், சிங்கப்பூர் வேலைக்குக் காத்திருப்பவர்கள் என்று பலரும் உண்டு. புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: “டெல் மீ அபவுட் யுவர் கம்யூனிட்டி.”

ஒரு மாலை, ஒரு மாணவன் தலையைக் குனிந்துகொண்டு, தன் சாதிச் சான்றிதழில் எழுதியிருந்த பிரிவைச் சொன்னான். திண்ணையில் யாரும் பேசவில்லை. அவன் மேல் தவறே இல்லை. அதுவரை அவன் வாழ்க்கையில் அந்தச் சொல்லைப் பார்த்தது தாலுகா அலுவலகத்தில் வாங்கிய ஒரு தாளில் மட்டும்தான். அந்த மாலைக்குப் பிறகு என் பாடத்தை அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

முதலில் அந்தச் சொல்

லத்தீனில் ‘பொது’ என்று பொருள்படும் கொம்யூனிஸ் என்ற சொல்லின் வழியில் வந்தது கம்யூனிட்டி. நம் அரசாங்கத் தாள்களில் ‘கம்யூனிட்டி சர்டிபிகேட்’ என்றால் சாதிச் சான்றிதழ். அதே சொல்லோடு ‘ஹால்’ சேர்ந்தால் சமுதாயக் கூடம், ‘ரேடியோ’ சேர்ந்தால் சமுதாய வானொலி. ஒரே சொல்லை நாம் இரண்டு விதமாக மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம். வெளிநாட்டுக்காரர் ஒருவரோ, நேர்முகத் தேர்வில் எதிரே உட்கார்ந்திருப்பவரோ கேட்கும்போது அவர் மனத்தில் இருப்பது பெரும்பாலும் இரண்டாவது பொருள். நீங்கள் யாரோடு வாழ்கிறீர்கள், எதைப் பொதுவில் வைத்திருக்கிறீர்கள், யாருக்கு யார் துணை என்பதை அறிய விரும்புகிறார். உங்கள் சாதியை அவர் கேட்கவில்லை. கேட்டாலும், சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. இதில் எனக்குத் தயக்கமே கிடையாது. வகுப்பில் அழுத்திச் சொல்லும் முதல் செய்தி இதுதான்.

‘பொது’ என்ற வேரைப் பிடித்துக்கொண்டால் பதில் தானாக வரும். நம் ஊர்களில் ஊருணி இருக்கிறது. அது தனி ஒருவருடையது அல்ல, ஊருக்கே உரியது. அங்கிருந்து ஒரு விடை இப்படி அமையலாம்: “ஐ கம் ஃப்ரம் எ ஸ்மால் வில்லேஜ் நியர் காரைக்குடி. வீ ஹாவ் அன் ஊருணி, எ பாண்ட் தட் பிலாங்ஸ் டு த ஹோல் வில்லேஜ்.” ஊருணி என்பதை மாற்ற வேண்டாம். சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் ஒரு சிறு விளக்கம் கொடுத்தால் போதும். கேட்பவருக்கு ஒரு புதுச் சொல் கிடைக்கிறது, உங்களுக்குச் சொந்தச் சொல்லோடு பேசுகிற தெம்பு கிடைக்கிறது.

செட்டிநாட்டுக்கு வரும் விருந்தினர்கள் ‘செட்டியார் கம்யூனிட்டி’ பற்றியும் கேட்பார்கள். அங்கே கம்யூனிட்டி என்பது நகரத்தாரைக் குறிக்கிறது. இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என ஒன்பது நகரக் கோயில்களின் வழியாகத் தங்களை அடையாளம் காண்பவர்கள், மணமான ஒரு தம்பதியை ஒரு ‘புள்ளி’ என்று கோயில் கணக்கில் வைப்பவர்கள் என்று சொல்லலாம். “எவ்ரி மேரிட் கப்புள் இஸ் கவுண்டட் ஆஸ் ஒன் புள்ளி” என்ற ஒரு வாக்கியத்திலேயே அவர்கள் வியந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வீடுகளைக் கட்டிய கொத்தனார்கள், தளம் போட்டவர்கள், விசேஷங்களுக்குச் சமைத்தவர்கள், கண்டாங்கி நெய்தவர்கள் எல்லோரும் சேர்ந்ததுதான் செட்டிநாடு. அந்த வேலைகளில் ஏதாவது ஒன்றைச் செய்த குடும்பத்திலிருந்து நீங்கள் வந்திருந்தால் அதைச் சொல்லுங்கள். “மை கிராண்ட்ஃபாதர் லெய்ட் ஃப்ளோர்ஸ் இன் ஹவுசஸ் லைக் திஸ்.” விருந்தினர் உடனே குனிந்து தரையைப் பார்ப்பார்.

‘சொசைட்டி’ என்ற சொல்லை இதோடு குழப்ப வேண்டாம். அது முகம் தெரியாத பெரும் சமூகம். நம் நெசவாளர்களிடம் சொசைட்டி என்றால் கூட்டுறவுச் சங்கம், அது வேறு வழக்கு.

அடுத்து, ‘வீ’

தமிழில் நாம் என்றும் நாங்கள் என்றும் இரண்டு சொற்கள் உண்டு. நாம் என்றால் கேட்பவரும் உள்ளே, நாங்கள் என்றால் அவர் வெளியே. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘வீ’ ஒன்றுதான். விடுதியில் வேலை பார்க்கும் என் மாணவி ஒருத்தி விருந்தினரிடம், “டுமாரோ வீ ஆர் கோயிங் டு பிள்ளையார்பட்டி” என்று சொன்னாள். தன் குடும்பம் போகிறது, அதனால் தனக்கு விடுமுறை என்பது அவள் கருத்து. மறுநாள் காலை அந்த அம்மையார் குளித்துத் தயாராகி முகப்பில் காத்திருந்தார். அவள் அவரையும் கூட்டிக்கொண்டே போனாள், நல்லபடியாக முடிந்தது. எனினும் ‘மை ஃபேமிலி அண்ட் ஐ’ என்று தொடங்கியிருந்தால் குழப்பமே வந்திராது. உண்மையிலேயே அழைக்கும்போது “யூ ஆர் வெல்கம் டு ஜாய்ன் அஸ்” என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதே காரணத்தால் ‘எங்கள் அம்மா’ என்பதை ‘அவர் (our) மதர்’ என்று மாற்றக் கூடாது. தனியாக நின்று ‘அவர் மதர்’ என்றால், உடன்பிறந்தவர் யார் என்று கேட்பவர் தேடுவார். ‘மை மதர்’ என்பதே சரி. அம்மாவைத் தனக்கு மட்டும் உரியவராகச் சொல்ல நம் மனம் கூசுகிறது. அந்தக் கூச்சம் எனக்குப் பிடித்த ஒன்றுதான், ஆனால் ஆங்கிலத்தில் அதற்கு வேலை இல்லை.

இங்கேயே உறவுச் சொற்களையும் பார்த்துவிடலாம். செட்டிநாட்டில் பல வீடுகளில் அம்மாவின் அம்மா ஆயா, அப்பாவின் அம்மா அப்பத்தா. ‘மை ஆயா ரெய்ஸ்ட் மீ’ என்று சொன்னால் ஆங்கிலம் பேசுகிறவர் உங்களை ஒரு பணிப்பெண் வளர்த்ததாகவே புரிந்துகொள்வார். ‘ஆயா’ என்பது ஆங்கில அகராதியிலும் இருக்கிறது, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரப் பெண் என்ற பொருளில். ஆகவே “மை மதர்ஸ் மதர், வீ கால் ஹெர் ஆயா” என்று முதல் முறை விளக்கிவிடுங்கள், பிறகு ஆயா என்றே சொல்லலாம். சித்தப்பா, பெரியப்பா, மாமா எல்லோரும் அங்கிள்தான். பெரியப்பா மகன் ‘கசின்’ மட்டும், ‘கசின் பிரதர்’ வேண்டாம். பங்காளியைப் ‘பார்ட்னர்’ என்று சொல்லிவிடாதீர்கள், தொழில் கூட்டாளி என்றோ வாழ்க்கைத் துணை என்றோ ஆகிவிடும்.

நடந்ததைச் சொல்வது

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். இலக்கணப் புத்தகம் காலங்களை அட்டவணையாகப் போட்டு மிரட்டுகிறது. எனக்கு அந்த வழியில் நம்பிக்கை இல்லை. தமிழ் வினை வடிவங்களே நமக்கு வழி காட்டும், இரண்டு மூன்று இடங்களில் மட்டும் நம்மைத் தவறான தெருவில் கொண்டுபோய் விடும். அந்த இடங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

“பழனிக்கு நடந்திருக்கிறேன்” என்று நாம் சொல்கிறோம். எப்போது என்று சொல்வதில்லை, அந்த அனுபவம் எனக்கு உண்டு என்பதே செய்தி. ஆங்கிலத்தில் அது “ஐ ஹாவ் வாக்ட் டு பழனி.” இது நேராகவே பொருந்துகிறது. எப்போது என்று சொல்லிவிட்டால் ‘ஹாவ்’ போய்விட வேண்டும்: “லாஸ்ட் இயர் ஐ வாக்ட் டு பழனி.” தமிழில் “போன வருடம் கூட நடந்திருக்கிறேனே” என்று சொன்னால் யாரும் தவறு என்று சொல்லமாட்டார்கள். ஆங்கிலம் அதை ஏற்காது. ‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் இயர்’, ‘டூ இயர்ஸ் எகோ’, ‘இன் 2019’ என்று முடிந்துபோன நேரம் ஒன்று வாக்கியத்தில் இருந்தால் ‘ஹாவ்’ உள்ளே நுழையக் கூடாது. விருந்தினர் “ஹாவ் யூ எவர்…” என்று தொடங்கினால் “எப்போதாவது …இருக்கிறீர்களா” என்று கேட்கிறார். “யெஸ், ஐ ஹாவ்” என்று ஒப்புக்கொண்டு, அடுத்த வாக்கியத்திலேயே எப்போது என்று சொல்லி, சாதாரண இறந்தகாலத்துக்கு மாறிவிடுங்கள். பேச்சு அப்படித்தான் ஓடுகிறது.

“ஐந்து வருடமாகக் காரைக்குடியில் இருக்கிறேன்” என்பதில் தமிழ் நிகழ்காலம் போடுகிறது. ஆங்கிலம் “ஐ ஹாவ் லிவ்ட் இன் காரைக்குடி ஃபார் ஃபைவ் இயர்ஸ்” என்கிறது. எவ்வளவு காலம் என்றால் ‘ஃபார்’, எப்போதிலிருந்து என்றால் ‘சின்ஸ்’. ‘சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்பது நம் பக்கத்தில் மிகப் பரவலான தவறு.

மறுப்பில் தமிழ் நமக்கு உதவுகிறது. போனேன் என்பதன் மறுப்பு போகவில்லை. ‘போனவில்லை’ என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் அப்படியே: ‘ஐ வென்ட்’, ஆனால் ‘ஐ டிடின்ட் கோ’. இறந்தகாலத்தை ‘டிட்’ சுமந்துகொண்டதால் வினை தன் பழைய உருவத்துக்குத் திரும்புகிறது. ‘டிட் யூ வென்ட்’ என்று வாய்க்கு வரும்போதெல்லாம் ‘போனவில்லை’யை நினைத்துக்கொள்ளுங்கள்.

‘அப்போதெல்லாம் போவோம்’

தமிழ் பேசுகிறவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

“சின்ன வயதில் அப்பத்தாவோடு ஊருணியில் தண்ணீர் எடுக்கப் போவோம். திரும்பி வந்தால் வெள்ளைப் பணியாரம் சுட்டுத் தருவார்கள்.” போவோம், தருவார்கள் இரண்டும் பார்வைக்கு எதிர்கால வடிவங்கள். ஆனால் ‘சின்ன வயதில்’ என்ற சொல் இருப்பதால் நமக்கு அவை பழைய வழக்கத்தைச் சொல்கின்றன. இதை அப்படியே மாற்றி ‘வீ வில் கோ, ஷி வில் கிவ்’ என்று என் மாணவர்கள் சொல்கிறார்கள். நாளைக்குப் போகப்போவதாகவும், மறைந்துபோன அப்பத்தா நாளைக்குப் பணியாரம் தரப்போவதாகவும் கேட்பவர் காதில் விழுகிறது.

பழைய வழக்கத்துக்கு ஆங்கிலத்தில் ‘யூஸ்ட் டு’. ஒலிக்கும்போது இரண்டு ‘ட்’டும் ஒன்றாகி ‘யூஸ்ட்டு’ என்று வரும். “வீ யூஸ்ட்டு கோ டு த ஊருணி வித் மை கிராண்ட்மதர்.” முதல் வாக்கியத்தை இப்படித் திறந்துவிட்டால் அடுத்தடுத்த வாக்கியங்களில் ‘வுட்’ போடலாம்: “வென் வீ கேம் பேக், ஷி வுட் மேக் வெள்ளைப் பணியாரம் ஃபார் அஸ்.” கேட்பதற்கு அழகாக இருக்கும். ஒரு எச்சரிக்கை: திரும்பத் திரும்பச் செய்த செயலுக்குத்தான் ‘வுட்’ பொருந்தும். ‘இருந்தது’ என்ற நிலைக்குப் பொருந்தாது. “அங்கே ஒரு பெரிய புளியமரம் இருந்தது” என்பதற்கு “தேர் யூஸ்ட்டு பி எ பிக் டாமரிண்ட் ட்ரீ” என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொரு பக்கம், இன்றைய வழக்கத்துக்கும் ‘யூஸ்ட் டு’ போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ‘ஐ யூஸ்ட்டு கோ டு த டெம்பிள் டெய்லி’ என்றால் இப்போது போவதில்லை என்றே பொருள். இன்றும் போகிறீர்கள் என்றால் வெறும் ‘ஐ கோ’.

‘போயிருந்தேன்’, ‘வந்தாராம்’

“நேற்று கொப்புடையம்மன் கோயிலுக்குப் போயிருந்தேன்” என்று இயல்பாகச் சொல்கிறோம். அதை ‘யெஸ்டர்டே ஐ ஹாட் கான்’ என்று மாற்றுவது தவறு. ‘ஐ வென்ட்’ போதும். இரண்டு பழைய நிகழ்ச்சிகளில் எது முந்தியது என்று காட்டும்போதுதான் ‘ஹாட்’ தேவை.

அதற்கு நம் வீடுகளிலேயே உதாரணம் இருக்கிறது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்கப் போனவர்களின் கதை கேட்காமல் இந்தப் பக்கத்தில் யார் வளர்ந்தார்கள்? 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு வீசின. தொடர்ந்த மாதங்களில் ஏராளமானோர் நடந்தே இந்தியாவுக்குத் திரும்பினார்கள். குண்டு விழுவதற்கு முன்பே கிளம்பியவர் ஒருவரைப் பற்றிச் சொன்னால்: “ஹி ஹாட் லெஃப்ட் ரங்கூன் பிஃபோர் த பாம்பிங் பிகான்.” கிளம்பியது முதலில், குண்டு விழுந்தது பிறகு. அந்த வரிசை முக்கியம் என்பதால் ‘ஹாட்’ வருகிறது.

இந்தக் கதைகளில் ஒரு நுட்பம் உண்டு. “கொள்ளுத்தாத்தா காடு வழியாக நடந்தே வந்தாராம்” என்கிறோம். அந்த ‘ஆம்’ ஒன்றே, நான் பார்க்கவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறது. ஆங்கில வினைக்கு அந்த விகுதி இல்லை. அதனால் கேட்ட இடத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும்: “மை கிராண்ட்மதர் டோல்ட் அஸ் தட் ஹி வாக்ட் த்ரூ த ஜங்கிள்.” இதைச் சொல்லாமல் விட்டால் கேள்விப்பட்டதை நேரில் கண்டதுபோல் சொன்னதாகிவிடும். குடும்பக் கதைக்கு அந்த நேர்மையைக் கொடுக்க வேண்டும்.

கிட்டங்கி போன்ற சொற்கள் வந்தால் கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் நகரத்தார் தங்கித் தொழில் செய்த இடம் அது. ஆங்கிலத்தின் கோடவுனுக்கு உறவுச் சொல் என்று சொன்னால் உரையாடல் இன்னும் சிறிது நேரம் நீளும்.

ஒரு அனுபவத்தை முழுதாகச் சொல்லிப் பார்ப்போம்

முதலில் ஒரே ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுங்கள். ‘என் இளமைப் பருவம்’ என்று பெரிதாக எடுத்தால் இரண்டு வாக்கியத்தில் மூச்சு முட்டும். ஒரு நாள், ஓர் இடம், உடனிருந்த மனிதர்கள் போதும். அதைத் தமிழில் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு ஆங்கிலத்தில் ஐந்தாறு சிறிய வாக்கியங்கள். தைப்பூச நடைப்பயணத்தைப் பற்றி ஒரு மாணவி சொன்னதைத் திருத்தி இங்கே தருகிறேன்:

“டூ இயர்ஸ் எகோ, ஐ வாக்ட் டு பழனி வித் பீப்பிள் ஃப்ரம் மை வில்லேஜ். வீ ஸ்டார்டட் பிஃபோர் சன்ரைஸ். ஆன் த தேர்ட் டே, ஐ காட் ப்ளிஸ்டர்ஸ் ஆன் போத் ஃபீட். ஐ வாஸ் சிட்டிங் பை த ரோட் வென் அன் ஓல்ட் வுமன் கேவ் மீ பட்டர்மில்க். ஐ டிடின்ட் ஆஸ்க் ஹெர் நேம். ஐ ஹாவ் நெவர் ஃபர்காட்டன் ஹெர்.”

முதல் வாக்கியத்திலேயே எப்போது, எங்கே, யாரோடு என்ற மூன்றும் வந்துவிட்டன. ‘உட்கார்ந்துகொண்டிருந்தேன்’ என்பது ‘வாஸ் சிட்டிங்’. நீண்டுகொண்டிருந்த ஒன்றின் நடுவே மற்றொன்று நிகழ்ந்ததால் ‘வென்’. கடைசி வாக்கியத்தில் நினைவு இன்றும் தொடர்வதால் ‘ஹாவ்’. அவள் முதலில் எழுதிவந்தது ‘இட் வாஸ் வெரி நைஸ் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று முடிந்திருந்தது. நன்றாக இருந்தது என்று சொல்வதைவிட என்ன நடந்தது என்று சொல் என்றேன். அதன் பிறகுதான் கொப்புளமும் மோரும் வெளியே வந்தன. பெயர் தெரியாத அந்தக் கிழவி வந்த பிறகு, கம்யூனிட்டி என்ற சொல்லுக்கு அந்த மாணவியிடம் நான் மறுபடி பொருள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

விருந்தினர் “வாட் வாஸ் இட் லைக்?” என்று கேட்பார். இங்கே ‘லைக்’ என்பது விருப்பம் அல்ல, எப்படி இருந்தது என்பதே கேள்வி. கண்டது, தொட்டது, முகர்ந்தது என ஒன்றைச் சொல்லுங்கள்: “த ரோட் வாஸ் ஹாட், ஈவன் இன் த ஈவ்னிங்.”

ஒலி

எழுத்தில் ‘இ.டி.’ (ed) என்று முடியும் இறந்தகாலச் சொற்களுக்கு மூன்று ஒலிகள். ‘வாக்ட்’ என்பதில் வல்லொலி ‘ட்’. ‘லிவ்ட்’ என்பதில் அது மென்மையாகிறது. வினையே ‘ட்’ ஒலியில் முடிந்தால் மட்டும் கூடுதலாக ஓர் அசை சேரும்: ‘ஸ்டார்டட்’, ‘விசிட்டட்’. ‘வாக்கெட்’, ‘குக்கெட்’ என்று எல்லாவற்றுக்கும் அசை கூட்டுவது நம் பழக்கம். ஒரு வாரம் கவனித்தால் போய்விடும்.

தினமும் பழக

பத்து நிமிடம் போதும். சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்து மறுநாள் காலை கேளுங்கள். உடனே கேட்டால் தவறு காதில் விழாது. ஒரு நேரத்தில் ஒரு தவறை மட்டும் தேடுங்கள், முதல் வாரம் ‘வில்’, அடுத்த வாரம் ‘ஹாட்’. எழுதி மனப்பாடம் செய்ய வேண்டாம், நடுவில் யாராவது கேள்வி கேட்டால் மனப்பாடம் உடைந்துவிடும். சொல்லி முடித்ததும் “ஹவ் அபவுட் யூ?” என்று எதிரே இருப்பவரையும் கேளுங்கள். அவர் ஊர்க் கதையைக் கேட்பதும் பயிற்சிதான். அவர் ‘யூஸ்ட் டு’ போடும் இடங்களைக் கவனியுங்கள்.

வீட்டில் அப்பத்தாவோ ஆயாவோ இருந்தால், ஆங்கிலத்தில் சொன்ன கதையை அவர்களிடம் தமிழில் சொல்லுங்கள். “மூன்றாம் நாள் இல்லை, இரண்டாம் நாள்தான் காலில் கொப்புளம் வந்தது” என்று திருத்துவார்கள். அந்தத் திருத்தத்தோடு மறுபடி ஆங்கிலத்தில் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.